தாத்தாவின் இதயமும் எனது எக்செல் ஷீட்டும்

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு பி.பி. மெஷின், சுகர் மெஷின், ஸ்மார்ட் வாட்ச் என்று வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். என் தாத்தாவின் உடல்நிலையைச் சென்னையிலிருந்தே கவனிக்க நானே ஒரு முறையை அமைத்தேன். ஓராண்டு காலம் அது ஒருநாள் கூட நிற்காமல் ஓடியது. அதே ஓராண்டில் தாத்தா என் கண் முன்னாலேயே தளர்ந்து போனார். கண் முன்னால் என்றால், ஸ்கிரீன் முன்னால்!

தாத்தாவுக்கு ஊர் அம்பாசமுத்திரம். 2023 மார்ச்சில், படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போது அவருக்கு வயது 78. ஹார்ட் ஃபெயிலியர் என்றார்கள். பெயரைக் கேட்டு நானும் இதயம் நின்றுவிடும் என்று பயந்தேன். அப்படியல்ல. இதயம் துடிக்கிறது, ஆனால் உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்பச் சிரமப்படுகிறது. இதனால் உடம்பில் நீர் தங்கிவிடுகிறது. நீரை வெளியேற்ற மாத்திரை கொடுப்பார்கள். நீர் சேருவதை முதலில் காட்டிக் கொடுப்பது எடைதான். தினமும் காலையில் எடை பாருங்கள், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே போன் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மூன்று நாள், 2 கிலோ. இதைக் கேட்டதும் எந்த இன்ஜினியருக்கும் கை துறுதுறுக்கும் அல்லவா? எனக்கும் அப்படித்தான்.

டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று வாங்கினேன். தாத்தாவின் மொபைலில் ஒரே ஒரு கேள்வி கொண்ட கூகுள் ஃபார்மை அமைத்து, அதற்கு முகப்பிலேயே ஒரு ஐகானும் வைத்தேன். தாத்தா கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். எண்களை உள்ளிடுவது அவருக்குப் பெரிய காரியமே அல்ல. அந்த எண் கூகுள் ஷீட்டில் வந்து விழும். (முதலில் எக்செல்லில் ஆரம்பித்ததால் வீட்டில் இன்றும் அதற்கு எக்செல் ஷீட் என்றுதான் பெயர்.) காலை 9 மணிக்கு ஒரு சின்ன புரோகிராம் ஓடி, இன்றைய எடையிலிருந்து மூன்று நாள் முந்தைய எடையைக் கழிக்கும். விடை 2-க்கு மேல் என்றால் கட்டம் சிவப்பாகும், எனக்கு டெலிகிராமில் செய்தி வரும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை வரைபடமும் போய்ச் சேரும். ஆபீசில் இரண்டு நண்பர்கள் தங்கள் வீட்டுக்கும் இதே ஷீட்டைக் கேட்டு வாங்கிக் கொண்டார்கள். பெருமையாக இருந்தது.

ஓராண்டில் ஒருமுறை கூடச் சிவப்பு வரவில்லை.

2024 ஏப்ரலில் சித்திரை விசுவுக்கு ஊருக்குப் போனேன். தாத்தா நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார். முதல் முயற்சியில் எழ முடியவில்லை. இரண்டாவது முறைதான் நின்றார். கையில் வாட்ச் வளையல் மாதிரி சுழன்று கொண்டிருந்தது. ஹாலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்தார். மூச்சு வாங்கவில்லை, கால் வீக்கமும் இல்லை. டாக்டர் பார்க்கச் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் பாதியாகிவிட்டார்.

ஷீட்டில் இருந்த இரண்டு பிழைகள்

அன்று இரவே லேப்டாப்பைத் திறந்தேன். முதல் பிழை எளிதாகக் கிடைத்தது. எடை ஏறுகிறதா என்று மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். இறங்குகிறதா என்று பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, நீரெல்லாம் வடிந்த பிறகு, 61 கிலோ. இப்போது 56.5. வாரத்துக்கு 90 கிராம் கூட இல்லாத இறக்கம் அது. மூன்று நாள் கணக்கில் அது எப்படித் தெரியும்? வரைபடத்திலும் அது கிட்டத்தட்ட நேர்கோடாகவே தெரிந்தது. நாங்கள் எல்லாரும் "ஸ்டெடி" என்று கட்டை விரல் போட்டுக் கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஹார்ட் ஃபெயிலியரில் தசை குறைந்து, அந்த இடத்தில் நீர் சேர்ந்தால் எடை மெஷின் பழைய எண்ணையே காட்டும். எடை மாறவில்லை என்பதால் உடம்பு மாறவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இரண்டாவது பிழைதான் என்னைத் தூங்க விடவில்லை. தாத்தா ஒருநாள் எடை போடாவிட்டால் வரைபடத்தில் இடைவெளி விழும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, காலியான கட்டத்தில் முந்தைய நாள் எடையையே நிரப்பும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். முதல் ஆறு மாதத்தில் காலியான நாட்கள் 3. அதற்குப் பிந்தைய ஏழு மாதத்தில் 41.

2023 செப்டம்பரில்தான் எங்கள் ஆச்சி காலமானார்.

தளர்ச்சி என்றால் என்ன?

வயதானால் தளர்ச்சி சகஜம்தானே என்று தோன்றும். மருத்துவர்கள் அதை அப்படி விட்டுவிடுவதில்லை. ஃபிரெயில்ட்டி என்று தனிப் பெயர் கொடுத்து அளக்கிறார்கள். 2001-ல் அமெரிக்காவில் லிண்டா ஃபிரைட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 5,317 பேரின் விவரங்களைக் கொண்டு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். தானாக எடை குறைவது (ஓராண்டில் 5 சதவீதம் அல்லது நாலரை கிலோ), கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது, எப்போதும் அசதியாக இருப்பது. மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசற்படி.

ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது? 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியான கணக்கில் 44.5 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேர்! தளர்ந்தவர்கள் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறார்கள், கீழே விழுகிறார்கள், மருந்தின் பக்கவிளைவையும் தாங்க முடிவதில்லை.

ஐந்தாவது அடையாளமான அசதியை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? எந்தக் கருவியும் இல்லை. "போன வாரத்தில் எத்தனை நாள், எதைச் செய்தாலும் பெரும்பாடாகத் தோன்றியது? எத்தனை நாள் எதையும் தொடங்கவே முடியவில்லை?" என்ற பொருளில் இரண்டு கேள்விகள். இந்த இரண்டும் மனச்சோர்வை அளக்கும் ஒரு பழைய கேள்வித்தாளிலிருந்து எடுக்கப்பட்டவை! உடம்பின் தளர்ச்சியை அளக்கும் பட்டியலுக்குள்ளேயே மனம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நெதர்லாந்தில் 2010-ல் வெளியிட்ட டில்பர்க் கேள்வித்தாள் இதை வெளிப்படையாகவே செய்கிறது. மொத்தம் 15 கேள்விகள். உடம்புக்கு 8, மனதுக்கு 4, சுற்றத்துக்கு 3. "தனியாக வசிக்கிறீர்களா?" என்பது ஒரு கேள்வி. "உங்களைச் சுற்றி ஆட்கள் இல்லையே என்று ஏங்குகிறீர்களா?" என்பது தனியாக இன்னொரு கேள்வி. ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்களின் ஹார்ட் ஃபெயிலியர் சங்கமும் 2019-ல், நோய், உடல் இயக்கம், மனமும் நினைவாற்றலும், சமூக நிலை ஆகிய நான்கையும் சேர்த்தே தளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது.

வீடு நிறைய ஆள், சாப்பிட ஒரே ஆள்

தாத்தா தனியாக வசிக்கவில்லை. மாமா, அத்தை கூடத்தான் இருக்கிறார். முதல் கேள்விக்கு அவருக்கு மார்க் பூஜ்யம்தான். ஆனால் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குக் கதவைச் சாத்தினால் திரும்புவது மாலை ஆறு மணிக்கு. ஆச்சி இருந்தவரை அது ஒரு பொருட்டாகவே இல்லை.

விசு லீவில் நான்கு நாள் கூடவே இருந்து பார்த்ததில் ஒவ்வொன்றாகப் புரிந்தது. உப்புக் குறைக்க வேண்டும் என்பதால் தாத்தாவுக்குத் தனிச் சமையல். டப்பாவில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். மதியம் ஒரு மணிக்கு அந்த ஆறிய, உப்பில்லாத சோற்றை அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பாதியைக் கொல்லையில் காக்கைக்குப் போட்டுக் கொண்டிருந்தார். அத்தையின் மேல் குற்றமில்லை. டாக்டர் சொன்னதை அவர் அக்கறையோடுதான் செய்தார்.

நீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் என்று கட்டுப்பாடு. அதனால் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். டீ குடிக்காமல் டீக்கடையில் எப்படி உட்காருவது? நாற்பது வருடமாகச் சேர்ந்து பேப்பர் படித்த கூட்டம் அதோடு போயிற்று.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் நீர் பிரிய வைக்கும் மாத்திரை. கேட்டபோது முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "அதப் போட்டா அரைமணிக்கொரு தரம் போணும்டே. பஸ்ல ஏறினா நடுவுல எங்க எறங்குவேன்?" அந்த ஒரே காரணத்தால் ஏழு மாதத்தில் அவர் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, ஒரு துஷ்டிக்கும் போகவில்லை. எங்கள் ஷீட்டில் அந்த மாத்திரைக்குப் பச்சை டிக் மட்டும் தினமும் விழுந்து கொண்டிருந்தது.

நடமாட்டம் குறைந்தால் தசை குறையும். தசை குறைந்தால் நடக்கப் பயம் வரும். பயம் வந்தால் வெளியே போவது நிற்கும். வெளியே போகாவிட்டால் பசி எடுக்காது. புரோகிராமர்கள் இதை முடிவில்லாத லூப் என்பார்கள்.

எடை ஏன் போடவில்லை என்றும் கேட்டேன். "நேத்தப் போலத்தான இருக்கு, எதுக்கு ஏறணும்னு இருந்துட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ போன் போட்டா நம்பரத்தானடே கேப்ப?" என்றார். உண்மைதான். என் மொபைலில் அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலான அழைப்புகள் ஒரு நிமிடத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஆராய்ச்சிகள் சொல்வது

இது என் ஒரு வீட்டுக் கதை மட்டும்தானா என்று தேடினேன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 1,681 பேரிடம் தனிமை உணர்வைப் பற்றி நான்கே கேள்விகள் கேட்டு, அவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். 2018-ல் முடிவு வெளியானது. தனிமையை மிக அதிகமாக உணர்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் 68 சதவீதம் அதிகம். இறக்கும் அபாயம் மூன்றரை மடங்குக்கும் மேல்! தனிமைதான் இறப்புக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோய் முற்றியவர்கள் தனிமைப்பட்டும் போவார்கள். ஆனாலும் நான்கு கேள்விகள் இவ்வளவு காட்டிக் கொடுக்கும்போது, கேட்காமல் விடுவது ஏன்?

என்னைப் போன்றவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. பெயர் டெலி-ஹெச்.எஃப். 1,653 நோயாளிகளில் ஒரு பாதியினர் தினமும் ஒரு தானியங்கி போன் எண்ணை அழைத்து, எடையையும் அறிகுறிகளையும் பதிவு செய்ய வேண்டும். பலன்? இறப்பிலோ, திரும்ப ஆஸ்பத்திரியில் சேருவதிலோ எந்த வித்தியாசமும் இல்லை. 14 சதவீதம் பேர் ஒருமுறை கூட அழைக்கவில்லை. ஆறாவது மாதக் கடைசியில், வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55 சதவீதம்தான். என் ஷீட்டின் 41 காலிக் கட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

டெலி மானிட்டரிங்கே வீண் என்றும் சொல்லக் கூடாது. ஜெர்மனியில் 1,500-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி, 2018-ல் வெளியான டிம்-ஹெச்.எஃப்-2 ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலோ இறப்பாலோ இழந்த நாட்கள் வருடத்துக்கு 24.2-லிருந்து 17.8 ஆகக் குறைந்தன. அங்கே மறுமுனையில் 24 மணி நேரமும் டாக்டரும் நர்சும் உட்கார்ந்திருந்தார்கள். என் முறையில் மறுமுனையில் இருந்தது டெலிகிராம். இன்னொரு விஷயம்: மனச்சோர்வு மதிப்பெண் அதிகமாக இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. இதே குழுவினரின் முந்தைய ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பலன் தெரியாமல் போனதுதான் அதற்குக் காரணம். கருவி நன்றாக வேலை செய்தது, மனம் நன்றாக இருந்தவர்களுக்கு!

சரி, மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் தீர்ந்ததா? ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளிடம் 2010-லும் 2016-லும் முடிவு வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், மனச்சோர்வு மருந்துகள் வெறும் போலி மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை. (அதற்காக உங்கள் வீட்டில் சாப்பிடும் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அது டாக்டரின் முடிவு.) பேச்சு வழிச் சிகிச்சையில் மனச்சோர்வு குறைந்தது என்று 2015-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் உடல் இயக்கம் தானாக மேம்படவில்லை. காலுக்குப் பலம் வேண்டுமென்றால் காலுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். 2021-ல் வெளியான ரீஹேப்-ஹெச்.எஃப். ஆய்வில், 60 வயது கடந்த 349 பேரில் ஒரு பாதியினருக்கு பலம், நிலை தடுமாறாமை, நடை, தாக்குப்பிடித்தல் ஆகிய நான்குக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஆய்வில் இருந்தவர்களில் 97 சதவீதம் பேர் தளர்ந்தவர்கள் அல்லது அதன் வாசற்படியில் நின்றவர்கள். மூன்றே மாதத்தில் பயிற்சி பெற்றவர்களின் நடமாட்டம் தெளிவாக முன்னேறியது.

என்ன மாற்றினோம்?

முதலில் டாக்டரிடம் போனோம். இரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்துக் குறைவு தெரிந்தது. அதற்குச் சிகிச்சை ஆரம்பித்தார். ஆகவே எல்லாம் தனிமையால் வந்தது என்று நானே தீர்ப்பு எழுதவில்லை. எடை குறைந்தால் முதலில் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். மாத்திரை விஷயத்தையும் கேட்டோம். வெளியே போகும் நாளில் வீடு திரும்பிய பிறகு போட்டுக் கொள்ளலாம் என்றார். இதை எங்களுக்குச் சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கேட்க எங்களுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. (நீங்களும் கேட்டுவிட்டுத்தான் நேரத்தை மாற்ற வேண்டும்.)

அத்தை தனிச் சமையலை நிறுத்திவிட்டார். எல்லாருக்கும் உப்புக் குறைவாகவே குழம்பு. வேண்டியவர்கள் தட்டில் போட்டுக் கொள்ளலாம். இரவுச் சாப்பாடு மூவரும் சேர்ந்துதான். ஒரு பிசியோதெரபிஸ்ட், நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைக் கற்றுக் கொடுத்தார். டீக்கடைக்குப் பதிலாகக் கிளை நூலகம். அங்கே யாரும் டீ குடிக்கச் சொல்வதில்லை, கழிப்பறையும் இருக்கிறது.

ஷீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் இந்த மாற்றங்களைச் செய்து பாருங்கள். எடை ஏறுவதற்கு மூன்று நாள் கணக்கு அப்படியே இருக்கட்டும். அத்துடன் கடந்த 30 நாளின் சராசரியை ஆறு மாதத்துக்கு முந்தைய 30 நாள் சராசரியுடன் ஒப்பிட்டு, 5 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கும்படி ஒரு ஃபார்முலா சேர்க்கவும். காலிக் கட்டத்தைக் காலியாகவே விடவும். தொடர்ந்து இரண்டு நாள் காலி என்றால் எச்சரிக்கை வரவேண்டும். அது வந்தால் மெசேஜ் அனுப்பாமல் போன் செய்யவும்.

மாதம் ஒருமுறை நடையை அளக்கவும். தரையில் சாக்பீஸால் 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். மொபைலில் ஸ்டாப்வாட்ச். வழக்கமான நடையில், ஊன்றுகோல் இருந்தால் அதனுடனே நடக்கலாம். 5 விநாடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். தாத்தாவுக்கு முதல்முறை 6.4 விநாடி ஆனது.

மனதுக்கு இரண்டே கேள்விகள். பி.ஹெச்.க்யூ-2 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள், மனம் சோர்ந்தோ நம்பிக்கை இழந்தோ இருந்தது எத்தனை நாள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரசின் டெலி-மானஸ் எண் 14416-லும் பேசலாம். இதை ஃபார்மில் வைக்காதீர்கள். பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். "கவலையா இருக்கீங்களா தாத்தா?" என்றால், "எனக்கு என்னடே கவலை" என்பதுதான் பதில். ஈடுபாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான், "மனசு ஒண்ணுலயும் ஓடலடே" என்றார்.

அந்த வாட்ஸ்அப் வரைபடத்தை நிறுத்திவிட்டேன். ஒருமுறை எடை சற்று ஏறியதைப் பார்த்த உறவினர் ஒருவர் போன் செய்து, ஊறுகாய் சாப்பிட்டீர்களா என்று அதட்டியிருக்கிறார். கணக்கு எழுதி எல்லாரையும் தணிக்கை செய்த மனிதரை 14 பேர் சேர்ந்து தணிக்கை செய்திருக்கிறோம். இப்போது ஷீட்டை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது தாத்தாதான். ஷேர் பட்டனை எப்படி அமைப்பது என்று கற்றுக் கொடுத்தேன். இரண்டு பேரைத் தவிர எல்லாரையும் நீக்கிவிட்டார்!

"இன்று யாருடன் சாப்பிட்டீர்கள்?", "எங்கே போனீர்கள்?" என்று இரண்டு புதிய கேள்விகளும் ஃபார்மில் சேர்ந்தன. விருப்பமிருந்தால் எழுதலாம். தாத்தா கணக்குப் பிள்ளை பாணியிலேயே எழுதுகிறார்: "நூலகம். போக 11 நிமிடம். வர 14. வழியில் பேச்சு 20."

நடை 5.2 விநாடிக்கு வந்திருக்கிறது. எடை 58-ஐ ஒட்டி நிற்கிறது. நோய் போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை நீர் சேர்ந்து, சிவப்பு வந்து, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. அந்தப் பழைய ஃபார்முலா அன்று சரியாக வேலை செய்தது.

போன மாதம் ஷீட்டில் தொடர்ந்து இரண்டு நாள் காலி. எச்சரிக்கை வந்ததும் பதறிப்போய் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம். தென்காசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்.

"எடை போடலையே தாத்தா" என்றேன்.

"எடை மெஷினத் தூக்கிட்டா கல்யாண வீட்டுக்குப் போவாவ?" என்றார்.

மறுநாள் காலை 58.9 என்று பதிவாகியிருந்தது. குறிப்பில் "சாம்பார்" என்று மட்டும் எழுதியிருந்தார்.